மெட்ராஸிலிருந்து வந்த ஒருவரும் ஒரு கவுண்டி வரலாற்றுச் சங்கமும்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் எந்தக் கவுண்டிக்குப் போனாலும் 'வரலாற்றுச் சங்கம்' என்று பலகை மாட்டிய ஒரு பழைய வீடு கண்ணில் படுகிறது. அது அரசு அலுவலகமா, மியூசியமா? உள்ளே உண்மையில் என்ன வேலை நடக்கிறது? ஊர் வரலாற்றை இவர்களால் காப்பாற்ற முடிகிறதா?"

நான் பல ஆண்டுகளாக இப்படி ஒரு சிறிய சங்கத்தில் சனிக்கிழமைதோறும் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவருகிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். பெரும்பாலானவை அரசு அலுவலகங்கள் இல்லை. ஊர்க்காரர்கள் கூடிப் பதிவுசெய்து நடத்தும் லாப நோக்கற்ற சங்கங்கள். உறுப்பினர் சந்தா, நன்கொடை, யாராவது உயிலில் எழுதிவைத்த பணம் அல்லது வீடு, சில இடங்களில் கவுண்டி தரும் சிறு மானியம் என்று வண்டி ஓடுகிறது. மினசோட்டா மாநிலத்தில் 87 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்றுச் சங்கம் உண்டு. நாடு முழுக்க எண்ணிப் பார்த்த 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வரலாற்றைக் காக்கும் அமைப்புகள் எல்லாம் சேர்த்து 21,000-க்கு மேல் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை மிகச் சிறியவை.

ஏன் கவுண்டி அளவில்? கவுண்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கலெக்டர் மட்டும் கிடையாது. நிலப் பத்திரம் பதிவது, உயிலை நிரூபிப்பது, வழக்கு நடத்துவது, சிறை வைப்பது எல்லாம் வழிவழியாகக் கவுண்டியின் தலைநகரில்தான் நடந்தன. ஒரு மனிதன் பிறந்து, நிலம் வாங்கி, கடன்பட்டு, செத்துப்போனது வரை காகிதம் அங்கே போய்ச் சேர்ந்தது. காகிதம் சேர்ந்த இடத்தில் வரலாற்றில் ஆசை உள்ளவர்களும் சேர்ந்தார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது?

பலரும் நினைப்பது போல, கண்ணாடிப் பெட்டியில் பழைய துப்பாக்கியை வைப்பது முக்கியமான வேலை இல்லை. முக்கியமான வேலை பின்னறையில் நடக்கிறது. ஒரு சனிக்கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மா செருப்புப் பெட்டி ஒன்றோடு வருவார். அவருடைய பெரியம்மா காலமாகிவிட்டார், வீட்டை விற்கப்போகிறார்கள், குப்பையில் போட மனம் வரவில்லை. பெட்டிக்குள் போட்டோக்கள், ரப்பர் பேண்டு போட்ட கடிதக் கட்டு, ஒரு மளிகைக் கணக்கு நோட்டு. நாங்கள் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்போம். இது யார், இது எந்தத் தெரு, இந்த நாய் யாருடையது என்று கேட்டுக் கேட்டு, படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுவோம். பேனா கூடாது, மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். அந்த அம்மா எழுந்து போய்விட்டால், அந்தப் பெயர்களைச் சொல்ல வேறு ஆள் கிடையாது. பெயர் போன போட்டோ வெறும் முகம்தான்.

அப்புறம் ரப்பர் பேண்டைக் கழற்றுவோம். அது இறுகி, உருகி, காகிதத்தோடு ஒட்டியிருக்கும். துருப்பிடித்த குண்டூசியைத் தாள் கிழியாமல் எடுக்கத் தனிப் பொறுமை வேண்டும். கடிதங்களைப் பிரித்து, அமிலம் கலக்காத உறைகளில் போட்டு, உறை மேல் எண் இடுவோம். எந்த ஆண்டு வந்தது, அந்த ஆண்டில் எத்தனையாவது வரவு என்பதை அந்த எண்ணே சொல்லும். வரவுப் பதிவேட்டில் கொடுத்தவர் பெயர், எப்படி அவர் கைக்கு வந்தது, என்னென்ன இருந்தன என்று எழுதுவோம். கடைசியாக ஒரு கொடைப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்குவோம். இந்தக் கையெழுத்தை வாங்காமல் விட்டால், முப்பது வருஷம் கழித்துப் பேரன் வந்து "அது எங்கள் பொருள், சும்மா பார்க்கத்தான் கொடுத்தோம்" என்று நிற்பார். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வந்த கட்டு எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில், பல பத்தாண்டுகளுக்கு முன் நல்ல மனசுக்காரர் ஒருவர் எல்லாக் குடும்பங்களின் கடிதங்களையும் ஒன்றாகக் கொட்டி ஆண்டுவாரியாக அடுக்கிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் யார் யாருக்கு எழுதிய பதில் எந்தக் கட்டில் இருந்தது என்பது தொலைந்துபோனது. கையெழுத்தில்லாத கடிதங்கள் எல்லாம் அநாதையாகிவிட்டன. இதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். எல்லா ஊரிலும் ராட்டையும், கல்யாண உடுப்பும், குடும்ப பைபிளும் தேவைக்கு மேல் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு மளிகைக் கடையின் கடன் நோட்டு வந்தால் விடவே கூடாது. யார் எவ்வளவு சர்க்கரை வாங்கினார்கள், யார் கடனை முட்டை கொடுத்து அடைத்தார்கள் என்பதை வேறு எந்த அரசு ஆவணமும் சொல்லாது.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முடிகிறதா? பொதுவாகச் சொல்வதை விட ஓர் உண்மைக் கதையாகச் சொன்னால்தான் விளங்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எசெக்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். அதன் பழைய தலைநகர் பெயர் சேலம். நம் சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர உறவில்லை, அது பைபிளிலிருந்து வந்த பெயர். ஆனால் அந்தச் சேலத்துக்கும் மெட்ராஸுக்கும் உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கவுண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

எசெக்ஸ் கவுண்டி 1643-ல் உருவானது. இன்று அதில் 34 ஊர்கள். 1821-ல் எசெக்ஸ் வரலாற்றுச் சங்கம் தொடங்கியது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. நாட்டின் முதல் வரலாற்றுச் சங்கமான மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கமே 1791-ல்தான் வந்தது. பிறகு 1848-ல் எசெக்ஸ் சங்கமும் அதே கவுண்டியின் இயற்கை வரலாற்றுச் சங்கமும் ஒன்றாகி எசெக்ஸ் இன்ஸ்டிடியூட் ஆயின. 1859 முதல் தன் ஆய்விதழை அச்சிட ஆரம்பித்தது. கல்லறைக் கல்வெட்டு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, கப்பல் பட்டியல், பழைய உயில் எல்லாம் அதில் வரி வரியாக வந்தன. படிக்கச் சுவையாக இருக்காது. அதன் அருமை நூறு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இந்த அச்சிடும் வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 1791-லேயே ஒரு கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றுவோம், ஆனால் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி அல்ல, எந்த விபத்தும் தொட முடியாத அளவுக்குப் படிகளைப் பெருக்கி, என்பது அதன் பொருள். எசெக்ஸ் இன்ஸ்டிடியூட் அதைச் செய்தது. 1911 முதல் 1921 வரை, கவுண்டியின் 17-ஆம் நூற்றாண்டு நீதிமன்றப் பதிவுகளை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. அடுத்த வீட்டுப் பன்றி வேலியைத் தாண்டியது, வேலைக்காரி எஜமானியைத் திட்டியது, வாங்கிய பீருக்குக் காசு தராதது எல்லாம் அதில் உண்டு. அரசர்களின் கதை இல்லை. ஆனால் அந்த மனிதர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது காதில் கேட்கும்.

1905-க்கும் 1914-க்கும் இடையில் அதே நிறுவனம் நான்கு தொகுதிகளாக வில்லியம் பென்ட்லியின் நாட்குறிப்பை வெளியிட்டது. பென்ட்லி சேலத்தின் கிழக்குத் தேவாலயத்துப் போதகர். 1759-ல் பிறந்தவர், 1819-ல் இறந்தவர். பல மொழிகள் படித்தவர். 1784 முதல் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். எந்தக் கப்பல் வந்தது, யார் வீட்டில் சாவு, என்ன மீன் விலை, யாருக்கு யாரோடு சண்டை, எல்லாம் உண்டு. அவருடைய சபையில் பலர் கடலோடிகளின் குடும்பம். சேலத்துக் கப்பல்கள் அப்போதுதான் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியாவுக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் போக ஆரம்பித்திருந்தன.

1790 டிசம்பர் 29-ஆம் தேதி பென்ட்லி எழுதியிருக்கிறார்: இன்றுதான் முதன்முறையாக இந்தியத் தேசத்தார் ஒருவரைப் பார்த்தேன், மெட்ராஸ்காரர். நல்ல கறுப்பு நிறம், நீண்ட கறுத்த முடி, மென்மையான முகம், உயரமானவர், கட்டான உடல்வாகு. கேப்டன் கிபோவோடு சேலத்துக்கு வந்தவர், ஐரோப்பாவிலும் இருந்திருக்கிறார். இதுதான் விஷயம், சில வரிகள். பெயர் இல்லை. என்ன மொழி பேசினார் என்று இல்லை. பென்ட்லிக்கு அவரோடு பேசிப் பழக வாய்ப்புக் கிடைக்கவில்லை போலும், அவருடைய திறமையை அளக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அமெரிக்க மண்ணில் இந்தியர் ஒருவரைப் பற்றிய மிகத் தொடக்ககாலக் குறிப்புகளில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அது மெட்ராஸ்காரரைப் பற்றியது. அந்த மனிதர் தமிழரா, தெலுங்கரா, வேறு யாருமா என்று அந்த வரிகளிலிருந்து சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் டிசம்பர் குளிரில், அந்தத் துறைமுக ஊரில், நம் கடற்கரையிலிருந்து போன ஒருவர் நடந்திருக்கிறார் என்பது உறுதி. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். மெட்ராஸில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர் யாரோ. கப்பல்காரருக்கு ஓர் ஆள். அவர் சேலத்தில் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த சாட்சி ஓர் ஊர்ப் போதகரின் நாட்குறிப்பு. அதை ஊர்க்காரர்கள் நடத்திய ஒரு கவுண்டி நிறுவனம், 'இதில் பன்றி விலையும் சாவுச் செய்தியும்தானே இருக்கிறது' என்று சுருக்கித் தள்ளாமல் நாள்வாரியாக அச்சிட்டது. கையெழுத்துப் பிரதி இன்று அதே மாநிலத்தின் வூஸ்டர் நகரில் இருக்கிறது. அங்கே போகாமலேயே உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்தப் பக்கத்தைப் படிக்க முடிகிறது என்றால், அந்த அச்சுத்தான் காரணம்.

சேலத்துக் கப்பல் கேப்டன்கள் 1799-ல் தங்களுக்கென்று கிழக்கிந்தியக் கடலோடிகள் சங்கம் ஒன்றையும் வைத்தார்கள். நன்னம்பிக்கை முனையையோ தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள ஹார்ன் முனையையோ சுற்றிவந்த கேப்டனோ சரக்குப் பொறுப்பாளரோதான் உறுப்பினராக முடியும். பயணம் கிளம்பும் உறுப்பினரிடம் சங்கம் வெற்று நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பும். காற்று, ஆழம், துறைமுகம், கண்ட காட்சி எல்லாவற்றையும் எழுதித் திரும்பி வந்ததும் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சங்கம் சேர்த்த பொருள்களிலிருந்து வளர்ந்ததுதான் பீபாடி மியூசியம்.

அடுத்து, வேறு வகையான ஒரு வெற்றி. சேலம் என்றாலே எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1692-ல் நடந்த சூனிய வழக்குகள். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறந்து வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரியைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தூக்கிலிட்ட இடம் எது? தூக்குமேட்டுக் குன்று என்று பெயர் மட்டும் ஊருக்குத் தெரியும். குன்றின் உச்சியில் என்று பரம்பரையாக நம்பினார்கள், 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களும் அப்படியே எழுதின.

சிட்னி பெர்லி என்று ஒரு வக்கீல். 1858-ல் எசெக்ஸ் கவுண்டியின் பாக்ஸ்ஃபோர்டு ஊரில் பிறந்தவர். வாழ்நாள் முழுக்கப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரங்களைப் புரட்டினார். நாம் வீடு வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்டு, அதற்கு முந்தைய பத்திரம் கேட்டுப் பின்னோக்கிப் போவோம் அல்லவா, அதே வேலைதான். அவர் ஒரு வீட்டுக்குப் பதிலாக ஊர் முழுவதற்கும், முந்நூறு ஆண்டுகளை நெருங்கும் காலத்துக்குச் செய்தார். 1692-ல் எந்தத் துண்டு யாருடையது, பாதை எங்கே போனது, வேலி எங்கே நின்றது என்று வரைபடமாகவே போட்டார். 1921 ஜனவரியில் எசெக்ஸ் இன்ஸ்டிடியூட்டின் இதழில் கட்டுரை வந்தது. தூக்கிலிட்டது உச்சியில் இல்லை, அடிவாரத்துக்குச் சற்று மேலே, பிராக்டர் குடும்பத்துக்குப் பின்னாளில் சொந்தமான பாறைத் திட்டில் என்றார்.

யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நகராட்சி 1936-ல் அங்கே கொஞ்சம் நிலத்தை நினைவிடத்துக்கென்று வாங்கியது, ஆனால் ஒரு பலகைகூட வைக்கவில்லை. மக்கள் மறந்தார்கள். சுற்றிலும் வீடுகள் வந்தன, அடியில் ஒரு மருந்துக்கடை வந்தது.

பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வுக் குழு பெர்லியின் கட்டுரையை மறுபடி எடுத்து, நீதிமன்றத் தாள்களோடு வைத்துப் பார்த்தது. பாக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெக்கா ஈம்ஸ் என்ற பெண்ணை 1692 ஆகஸ்ட் 19-ஆம் தேதி விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றுதான் ஐந்து பேரைத் தூக்கிலிட்டார்கள். தூக்குப் போட்ட இடத்தில் இருந்தாயா என்று நீதிபதி கேட்க, குன்றுக்குக் கீழே உள்ள வீட்டில் இருந்தேன், சில ஆட்களைக் கண்டேன் என்று அவள் சொல்கிறாள். அந்த வீட்டுக்காரியின் காலில் குண்டூசி குத்தியதாகவும், தான் அதைச் செய்யவில்லை என்றும் சொல்கிறாள். இந்தக் குண்டூசிப் பேச்சு வழக்கில் அவளுக்கு எதிரானது. முந்நூறு ஆண்டுக்குப் பிறகு அதுவே இடத்தைக் காட்டும் சாட்சி ஆனது. அந்த வீடு எங்கே இருந்தது என்று பத்திரங்கள் சொல்லும், அங்கிருந்து பார்த்தால் எது தெரியும் என்று கணினி நிலப்படம் சொல்லும். உச்சி தெரியாது. பாறைத் திட்டு தெரியும்.

சேலத்து மருத்துவர் ஹோலியோக் 1791-ல் எழுதிய ஒரு கடிதமும் துணைக்கு வந்தது. நூறு வயதை நெருங்கி இறந்த ஜான் சைமண்ட்ஸ் என்பவர் 1692-ல் பிறந்தவர். அவர் பிறந்தபோது தாயைப் பார்த்துக்கொண்ட செவிலிப் பெண், அறை ஜன்னல் வழியாக அந்தப் பாவப்பட்டவர்கள் தொங்குவதைப் பார்த்ததாக அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். கிழவர் அதை மருத்துவரிடம் சொன்னார், மருத்துவர் எழுதிவைத்தார். ஒரு பிரசவ அறையின் ஜன்னலிலிருந்து பார்த்த காட்சி இப்படி நம் கைவரை வந்திருக்கிறது. இதனால்தான் வயதானவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள் என்று மன்றாடுகிறோம்.

2016 ஜனவரியில் இடம் உறுதியானது என்று அறிவித்தார்கள். பெர்லி சொல்லி 95 ஆண்டு. 2017 ஜூலை 19-ஆம் தேதி, அங்கே ஐந்து பெண்களைத் தூக்கிலிட்டு 325 ஆண்டுகள் ஆன நாளில், 19 பெயர்கள் பொறித்த கற்சுவரோடு நினைவிடம் திறந்தது. பெர்லி 1928-லேயே இறந்துவிட்டார்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெர்லியின் கட்டுரை வந்த அதே 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அரசுக் கட்டடத்தில் தீப்பிடித்து, 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் பெரும்பகுதி நாசமாயின. நாட்டுக்கே ஒரே படி, ஒரே கட்டடத்தில் இருந்தது. இன்று அந்த ஆண்டில் ஒரு குடும்பம் எங்கே இருந்தது என்று தேடுபவர்கள் உள்ளூர்ச் சங்கங்களின் கதவைத்தான் தட்டுகிறார்கள். நகர விலாசப் புத்தகம், வரி ரசீது, தேவாலயப் பதிவு, பள்ளி வருகைப் பட்டியல் என்று பொறுக்கி எடுத்துத்தான் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடிகிறது.

கட்டடங்களைக் காப்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எசெக்ஸ் இன்ஸ்டிடியூட்டின் செயலாளர் ஜார்ஜ் பிரான்சிஸ் டவ், 1684-ஆம் ஆண்டின் ஜான் வார்டு வீட்டை 1910-ல் அப்படியே நகர்த்திக் கொண்டுவந்து நிறுவனத்தின் பின்புறத்தில் நிறுத்தினார். சமையலறையும் சிறு கடையும் பழையபடி அமைத்து, பழங்கால உடை போட்டவர்களை வைத்து மக்களுக்குக் காட்டினார். பிற்காலத்தில் வந்தவர்கள் அதில் சில அவருடைய ஊகம் என்று கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் நகர்த்தாமல் விட்டிருந்தால் ஊகிக்கவும் வீடு இருந்திருக்காது.

சரி, எல்லாம் வெற்றிதானா? இல்லை. எனக்கு மனத்தாங்கலாக இருக்கும் பகுதியும் உண்டு.

1992-ல் எசெக்ஸ் இன்ஸ்டிடியூட்டும் பீபாடி மியூசியமும் இணைந்து பீபாடி எசெக்ஸ் மியூசியம் ஆயின. உலகத்தரமான கலை அருங்காட்சியகமாக அது வளர்ந்தது, நல்ல விஷயம்தான். ஆனால் கவுண்டியின் காகிதங்கள் இருந்த பிலிப்ஸ் நூலகம் 2011-ல் பராமரிப்புக்காக மூடப்பட்டது. திரும்பி வரும் என்று ஊர் காத்திருந்தது. 2017 டிசம்பரில், நூலகம் சேலத்துக்கு வராது, வடக்கே ரௌலி என்ற ஊரில் புதிய சேமிப்பகத்தில் இருக்கும் என்று தெரிந்தது. ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். மனு போட்டார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். 2018-ல் ரௌலியில் படிப்பறை திறந்தது.

மியூசியம் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. பழைய செங்கல் கட்டடத்தில் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்துவது கஷ்டம், இடமும் போதாது. ரௌலியும் எசெக்ஸ் கவுண்டிக்குள்தான் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் நான் ஊர்க்காரர்கள் பக்கம்தான். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் வழியில் ஒரு பையன் உள்ளே எட்டிப்பார்த்து, தன் தெருவின் பழைய படத்தைக் கேட்கும் தூரத்தில் அது இருந்தது. இப்போது கார் வேண்டும். தாளின் ஆயுள் கூடியது, படிப்பவர்களுக்குத் தூரமும் கூடியது. சூனிய வழக்கின் தாள்கள் 527, மாநில உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தமானவை, 1980 முதல் இந்த நூலகத்தில் பாதுகாப்புக்காக இருந்தன. அவையும் 2023 ஜனவரியில் பாஸ்டனில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்துக்குத் திரும்பிவிட்டன. நல்லவேளையாக எல்லாத் தாள்களும் படமெடுக்கப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. இதையும் கேளுங்கள்: எசெக்ஸ் கவுண்டியின் அரசாங்கமே 1999-ல் கலைக்கப்பட்டது. கவுண்டி இன்று நிலப்பரப்பின் பெயராகவும் நீதிமன்ற எல்லையாகவும்தான் மிஞ்சியிருக்கிறது. அரசு போன பிறகும் அதன் ஞாபகத்தை வைத்திருந்தது சங்கம் சேர்த்த காகிதம்தான். அதை வீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ள ஊர் ஆசைப்பட்டதில் என்ன தவறு?

இரண்டாவது குறை எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவானது. யாருடைய காகிதம் வந்து சேர்ந்தது என்று பார்த்தால், பெரிய வீட்டுக்காரர்களுடையது. அவர்களுக்குத்தான் பரண் இருந்தது, பரணில் பெட்டி இருந்தது. வேலைக்காரர், கறுப்பர், பழங்குடியினர், ஆலைக்கு வந்த வெளிநாட்டவர் பெரும்பாலும் மற்றவர்களின் கணக்கு நோட்டில் ஒரு வரியாகத்தான் இருப்பார்கள். மெட்ராஸ்காரர் பெயரில்லாமல் நிற்பதும் அதனால்தான். சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கும். கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவிலிருந்து 1798-ல் சிறுவனாக சேலத்துக்கு வந்த ஜான் ரெமண்ட் என்ற கறுப்பர் ஹாமில்டன் மண்டபத்தில் விருந்து சமைக்கும் தொழிலில் பெயர் பெற்றார். 1824-ல், அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத்துக்கு அங்கே நடந்த விருந்து அவர் கைப்பக்குவம். அவர் பிள்ளைகள் சார்ல்ஸும் சாராவும் அடிமைமுறைக்கு எதிராக மேடை மேடையாகப் பேசினார்கள். அந்தக் குடும்பத்தின் காகிதங்கள் பிலிப்ஸ் நூலகத்தில் இருக்கின்றன. இப்படி ஒரு கட்டு கிடைத்தால் ஊரின் கதையே வேறு மாதிரித் தெரியும். இப்போது நல்ல சங்கங்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஆலைத் தொழிலாளி வீட்டுக்கும், புதிதாகக் குடியேறியவர் கடைக்கும் தாங்களே போகிறார்கள். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதைச் சொல்வேன். பொங்கல் விழா அழைப்பிதழ், முதல் தமிழ்ப் பள்ளியின் வருகைப் பதிவு, கோயில் கட்ட வசூலித்த ரசீதுப் புத்தகம் எல்லாம் உங்கள் கவுண்டிச் சங்கம் ஆசையாக வாங்கிக்கொள்ளும் பொருள்கள். பெயர், தேதி, இடம் எழுதிக் கொடுங்கள். தமிழில் இருந்தால் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கமும் வையுங்கள்.

நீங்கள் ஏதாவது தேடிப் போவதாக இருந்தால், முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பல சங்கங்கள் வாரத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். "என் குடும்ப வரலாறு வேண்டும்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. "1912-ல் இந்தத் தெருவில் இந்தப் பெயரில் இருந்த கடை" என்று கேட்டால் பெட்டியே மேஜைக்கு வந்துவிடும். பென்சில் கொண்டுபோங்கள், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தொகுப்புப் பட்டியல் இணையத்தில் இருந்தால் அதை முதலில் பாருங்கள், ஆனால் பட்டியலில் இல்லாதது பின்னறையில் இருக்கும், அதனால் அங்கே உட்கார்ந்திருக்கும் வயதான தன்னார்வலரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

பென்ட்லியின் நாட்குறிப்பு நான்கு தொகுதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மெட்ராஸ்காரர் இருப்பது முதல் தொகுதியில், 1790-ஆம் ஆண்டின் கடைசிப் பக்கங்களில்.